ஈர வேட்டியின் எடை

1

மூன்று மாதம் முன்பு என்னை ஒரு பொய்யில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நல்ல வழவழப்பான காகிதம், நாலே வரி. சுத்தமாக டைப் அடித்து, என் பெயரை மட்டும் தப்பாக அடித்து, "அவசரமில்லை டியர், வெள்ளிக்கிழமைக்குள் தந்தால் போதும்" என்று சிரித்த முகமாக நீட்டினார் எங்கள் நர்சிங் ஆபீசர் அம்மாள். இந்த நாட்டில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'ப்ளீஸ்' சொல்லிவிட்டுத்தான் அறுப்பார்கள்.

நாலு வரியின் சாரம் இது: டாக்டர் சொன்ன மருந்தின் அளவை, எனக்கு இங்கிலீஷ் போதாத காரணத்தால், நான் தவறாகப் புரிந்துகொண்டேன், வருந்துகிறேன். கையெழுத்துப் போட்டால் விஷயம் அதோடு முடிந்தது. போடாவிட்டால் விசாரணை. வேலை போனாலும் போகும். என் வேலைக் காகிதத்தைக் காட்டித்தான் வீட்டுக்காரரும் மகளும் இந்த நாட்டுக்குள் வந்தார்கள் என்பதை அந்த அம்மாள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

நான் காஞ்சிபுரத்துக்காரி, பிள்ளையார்பாளையம். 'லண்டன்ல பெரிய நர்ஸு' என்று எங்கள் தெருவில் பேச்சாம். லண்டனும் இல்லை, பெரிதும் இல்லை. லண்டனிலிருந்து ரயிலில் நாலு மணி நேரம் வடக்கே போனால் கம்பளி ஆலைகளும் மழையுமாக ஓர் ஊர் வரும், அங்கே இருக்கிறேன். மெட்ராசில் மூன்று வருஷம் படித்துத் தேறிய படிப்பை இங்கே இறங்கியதும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதற்கு இரண்டாம் தர நர்ஸ் வேலைதான் கிடைக்கும்" என்றார்கள். நேற்றுப் படிப்பை முடித்த இருபத்தொரு வயசுப் பெண் எனக்கு மேலே. நான் கக்கூஸ் பாத்திரம் கழுவி, நோயாளிக்குத் தலை வாரி, ஏழு வருஷத்தில் படிப்படியாக அவசரப் பிரிவு வரைக்கும் வந்து சேர்ந்தேன். இதைத்தான் நம் ஆட்கள் 'செட்டில் ஆயிட்டா' என்கிறார்கள்.

2

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் ஓடி வந்தாள். குழந்தைக்கு மூச்சிழைப்பு. உதடு நீலம் பாரித்து, நெஞ்சுக்குழி உள்ளே உள்ளே போகிறது. பணியில் இருந்த டாக்டருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கெட்டவர் இல்லை. முதல் நாள் காலையிலிருந்து தூங்கவில்லை, அவ்வளவுதான்.

மூச்சுக்குழாயைத் திறக்க ஓர் ஊசி மருந்து இருக்கிறது, அமினோபிலின் என்று பெயர். குழந்தையின் எடைக்குக் கணக்குப் பார்த்துத்தான் போட வேண்டும். குறைந்தால் கேட்காது, கூடினால் வலிப்பு வரும், இதயம் தாறுமாறாக ஓடி நின்றும் போகும். குழந்தைகளை எடை போடும் தராசோ அவசரப் பிரிவில் இல்லை. அது குழந்தைகள் கிளினிக்கில் பத்திரமாகப் பூட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பாருங்கள், தராசுக்கும் லீவு.

"எடை எவ்வளவு இருப்பாள்?" என்று கேட்டார் டாக்டர். "இரண்டு ஸ்டோன்" என்றாள் தாய்.

ஸ்டோன் என்றால் கல். நிஜமாகத்தான் சொல்கிறேன். நம் ஊரில் வீசையும் பலமும் போய்க் கிலோ வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம்மை ஆண்டவர்கள் இன்னும் கல்லைப் போட்டுப் பிள்ளையை நிறுக்கிறார்கள். ஒரு கல்லுக்குப் பதினாலு பவுண்டு. இரண்டு கல் இருபத்தெட்டு பவுண்டு. டாக்டர் அந்த இருபத்தெட்டைப் பிடித்துக்கொண்டார். ஆனால் மருந்துக்குக் கணக்குப் போடுவது கிலோவில். இருபத்தெட்டு கிலோ, கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம் என்று மனசுக்குள் பெருக்கி, "நூற்று நாற்பது மில்லிகிராம், சீக்கிரம்" என்றார்.

நான் மருந்தை உறிஞ்சினேன். ஆம்பூல் என்னும் கண்ணாடிக் குப்பியில் பாதியைத் தாண்டியதும் என் கை நின்றது. அந்த அளவுக் குழந்தைக்குப் பாதி ஆம்பூல் தாண்டி நான் ஏற்றியதே இல்லை.

"டாக்டர், குழந்தையை எடை போட வேண்டும்."

"நேரமில்லை. கொடு."

"எத்தனை கிலோ என்று போட்டீர்கள்?"

"இருபத்தெட்டு. கொடு என்கிறேன்!"

நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுத் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டேன். இருபத்தெட்டு கிலோ என்றால் ஒன்பது வயதுப் பிள்ளை. இங்கிலீஷில் என்னவெல்லாம் சொன்னேனோ, எனக்கே நினைவில்லை. நடையில் பெரியவர்கள் ஏறி நிற்கும் தராசு ஒன்று கிடந்தது. குழந்தையோடு தாயை அதில் ஏற்றினேன். பிறகு குழந்தையை நான் வாங்கிக்கொண்டு தாயை மட்டும் நிற்க வைத்தேன். கழித்துப் பார்த்தால் பதின்மூன்று கிலோகூட முழுசாக இல்லை. ஒரு நிமிஷ வேலை.

 டாக்டர் வேறு ஊசியை எடுத்து, பாதிக்கும் குறைவாக அவரே ஏற்றி, மெதுவாகப் போட்டார். முக்கால் மணி நேரத்தில் அந்தக் குட்டி எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது.

எனக்கு யாரும் மாலை போட வேண்டாம். ஆனால் மறுநாள் குழந்தையின் அப்பன் புகார் எழுதிக் கொடுத்தான்: என் பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது அந்தக் கறுப்பு நர்ஸ் மருந்தைக் கொடுக்கவிடாமல் டாக்டரோடு சண்டை போட்டாள். டாக்டரைக் கேட்டார்கள். "எண்களில் ஒரு குழப்பம் ஏற்பட்டது" என்று எழுதினார். யாருடைய குழப்பம் என்று எழுதவில்லை. அப்போது மிச்சம் இருந்தது நான் ஒருத்திதானே. 'எங்கே வலிக்கிறது' என்பதை நம் ஊர் வழக்கப்படி 'வேர் இஸ் இட் பெய்னிங்' என்று கேட்டு வார்டையே சிரிக்க வைக்கிறவள். என் இங்கிலீஷில் ஓட்டை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கணக்கில் ஓட்டை கிடையாது.

3

அந்தக் குழந்தையைக் கையில் வாங்கியபோது நானே எடையைச் சொல்லியிருக்கலாமே என்று எங்கள் தெருக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். இனிச் சொல்லப்போவதை அவர்களும் கேட்கட்டும்.

எங்கள் அப்பா ஒரு பட்டுக் கடையில் எடை பார்ப்பவர். நெசவுக்காரர் நூல் வாங்கிப் போகும்போது ஓர் எடை, சேலையாகக் கொண்டு வரும்போது ஓர் எடை. தராசில் வைப்பதற்கு முன்பே கையில் ஏந்தி இத்தனை என்று சொல்லிவிடுவார், முள் அதைத்தான் காட்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கை உண்டு, எனக்குக் கொஞ்சம் கூடுதல். அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்ச நஞ்சமில்லை. நர்சிங் விடுதியில் தோழிகளின் கைப்பையை வாங்கி எடை சொல்லிப் பந்தயத்தில் ஜெயிப்பேன்.

படித்து முடித்ததும் காஞ்சிபுரத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பத்துக் கட்டில், ஒரு டாக்டர், நான், ஒரு கம்பவுண்டர். டாக்டருக்கும் என் கை மேல் அத்தனை நம்பிக்கை. "தராசை எங்கே போய்த் தேடறது? இந்தா, நீ தூக்கிப் பார்த்துச் சொல்லு" என்பார். பல தடவை சொல்லியிருக்கிறேன், பல தடவை சரியாகத்தான் இருந்தது.

ஒரு சித்திரை மாதம். வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம், பாலாற்றங்கரைக் கிராமத்திலிருந்து தனகோட்டி என்று ஒருத்தி வந்தாள். பயிர் வைக்கும் குடும்பம், இருபத்திரண்டு வயது இருக்கும். எட்டு மாத ஆண் குழந்தை, வேலு. இரண்டு நாளாக அனலாய்க் காய்ச்சல், பஸ்ஸிலேயே வலிப்பு வந்துவிட்டது. புருஷனுடைய எட்டு முழ வேட்டியைப் பம்புசெட்டில் நனைத்துப் பிள்ளையைச் சுற்றி, பஸ் ஸ்டாண்டுக் குழாயில் இன்னொரு தரம் நனைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் தண்ணீர் சொட்டிய தடம்.

நான் மருந்து அறையிலிருந்து குழந்தைத் தராசை இழுத்தேன். தனகோட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தராசு வாணாமா, உன் கால்ல வுழறேன். ரெண்டு போயி இது மூணாவது. பொழைச்சா எடைக்கு எடை வெல்லம் போடறேன்னு திருப்புட்குழி பெருமாளுக்கு வேண்டிக்கினுகீறேன். அதுக்கு முன்ன தராசுல ஏத்தினா வேண்டுதல் குத்தமாயிடும்மா."

நம் ஊர்த் தாய்க்கு இந்தப் பயம் எதனால் என்று உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவள் அப்படிக் கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. அதை மீறி எடை போட வேண்டியவள் நான். இல்லாவிட்டால் வேட்டியையாவது அவிழ்த்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "சரி வுடும்மா, எனக்குத் தராசு எதுக்கு?" என்று அத்தனை பேர் எதிரில் பெருமையாகச் சொல்லிவிட்டு, வேட்டியும் ஈரமுமாகப் பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தினேன்.

"எட்டு கிலோ" என்றேன்.

பட்டுக் கடையில் பிறந்த எவளாவது ஈர நூலை நிறுப்பாளா? எங்கள் பிழைப்பில் முதல் பாடமே அதுதான். பட்டு ஈரத்தை உள்ளே ஒளித்து வைத்துக்கொள்ளும், தொட்டால் தெரியாது, எடையில்தான் தெரியும். அதனால் சந்தேகம் வந்தால் காய வைத்துத்தான் வாங்குவார்கள். அத்தனையும் தெரிந்த நான், கண்ணெதிரே சொட்டிக்கொண்டிருந்த வேட்டியைச் சேர்த்துப் பிள்ளைக்கு எடை சொன்னேன்.

டாக்டர் எட்டு கிலோவுக்குக் கணக்குப் போட்டு, அவசரம் என்று கொஞ்சம் தாராளமாகவே, வலிப்பு நிற்க ஊசி போடச் சொன்னார். அளவு மீறினால் மூச்சையே அடக்கிவிடும் மருந்து அது. போட்டேன். அரை மணியில் மறுபடி வலிப்பு. அதே எடைக்கு இன்னொரு ஊசி. அதையும் என் கையால்தான் போட்டேன். வலிப்பு நின்றது. குழந்தை தூங்கினான். தனகோட்டி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லா தூங்கறாம்மா, ரெண்டு நாளா பொட்டுத் தூக்கமில்ல" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மூச்சு எண்ணி எண்ணி வருகிறது. எங்களிடம் இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டர் காலி. டாக்டர் வாயில் வாய் வைத்து ஊதிப் பார்த்தார். சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் வேலு போய்விட்டான்.

பிள்ளையைத் துடைக்கும்போதுதான் வேட்டியைத் தனியாகக் கையில் எடுத்தேன். எடுத்த நிமிஷமே என் கைக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் மருந்து அறைக்குக் கொண்டுபோய் அந்தத் தராசில் போட்டேன். ஒன்றே முக்கால் கிலோ. அவ்வளவு நேரம் சொட்டியது போக மிச்சம்.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை எடுத்து ஜன்னலுக்கு வெளியே பிழிந்து, என்னிடம் கொடுத்தார். "அவ்ளோ ஜுரத்துல எப்படியும் பொழைச்சிருக்காது. யார் கண்டா? நீ வாயைத் திறக்காதே" என்றார். அவர் பயந்துபோயிருந்தார். நானும்தான்.

வெளியே போய்த் தனகோட்டியின் மாமியாரிடமும் புருஷனிடமும் அவர் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை காதில் இருக்கிறது. "அனலாக் கொதிக்கிற பிள்ளையை ஈரத்துணியில சுத்தினா ஜன்னி வராம என்ன வரும்?" மாமியார் நெஞ்சில் அறைந்துகொண்டு தனகோட்டி மேல் பாய்ந்தாள். அவள் அதைக் கவனிக்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"ஏம்மா, நான் ஈரத்துணி சுத்தினதாலதானாமா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

மறு வருஷம் சீமைக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாக மனுப் போட்டேன். பெண்ணின் படிப்புக்காக வந்தோம், வசதிக்காக வந்தோம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாலாஜாபாத் பஸ் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பது அலுத்துப்போய்த்தான் வந்தேன்.

4

அந்தக் காகிதத்தை வீட்டுக்கு எடுத்து வந்து மேஜை மேல் வைத்திருந்தேன். என் மகள் அம்பிகாவுக்குப் பன்னிரண்டு வயது. ஐந்து வயதில் வந்தவள். இப்போது அவளுக்கும் எனக்கும் நடுவில் இங்கிலீஷும் அரைகுறைத் தமிழும்தான், இங்கிலீஷில் அவள் எனக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்கு நான் புடவையில் வந்தால், "புடவை தெரியாம கோட்டு பட்டனைப் போட்டுக்கோ" என்று காதில் சொல்வாள். வீட்டில் ரசம் கொதித்தால் தன் ஸ்கூல் உடுப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். வாசனை ஒட்டிக்கொள்ளுமாம்.

அவள் காகிதத்தைப் படித்துவிட்டு, "சைன் பண்ணிடேம்மா. உன் இங்கிலீஷ் சரியில்லன்னு எல்லாருக்கும் தெரியுமே, இதுல என்ன இருக்குது?" என்றாள்.

பளார் என்று ஒன்று வைக்கலாம்போல இருந்தது. வைக்கவில்லை. இந்தப் பொய் நிலைத்துவிட்டால் தராசு அந்தப் பூட்டின அறையிலேயே கிடக்கும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த பிள்ளைக்கு அடுத்த டாக்டர் பவுண்டைக் கிலோவாகப் பெருக்குவார், அப்போது ஊசியைப் பிடித்திருப்பவள் நின்று கேட்பாளா என்று யாருக்கும் தெரியாது. இதை அவளுக்கு விளங்கும்படி சொல்ல என்னிடம் அத்தனை இங்கிலீஷும் இல்லை, அவளிடம் அத்தனை தமிழும் இல்லை. "நான் ஒரு தடவை பொய்க்குத் தலையை ஆட்டிட்டேண்டி. இன்னொரு தடவை முடியாது" என்று மட்டும் சொன்னேன். என்ன பொய் என்று கேட்டாள். சொன்னேன். முழுசாக, வேட்டி முதல் தலையாட்டியது வரைக்கும். தமிழில் பாதி, இங்கிலீஷில் பாதி. அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ரசம் பொங்கிக்கொண்டிருந்ததாம், நான் கவனிக்கவில்லை.

அப்புறம் நான் எழுதிய பதிலை அவள்தான் திருத்திக் கொடுத்தாள். பதினான்கு பிழை. 'பிழை உண்டு, பொய் ஒன்றும் இல்லை' என்று நான் சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை.

5

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து விசாரித்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. பெரிய டாக்டர் ஒருவர், ஆபீஸ்காரர் ஒருவர், எங்கள் நர்சிங் ஆபீசர்.

"எடை போட்டுப் பார்ப்பதற்கு முன்பே அளவு தப்பு என்று உங்களுக்கு எப்படி அத்தனை நிச்சயம்?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

"நிச்சயமில்லை. அதனால்தான் எடை போடச் சொன்னேன்" என்றேன். "நிச்சயமாகத் தெரியும் என்று ஒரு தடவை சொல்லி, ஒரு குழந்தை செத்துப்போனது."

அதையும் சொல்லிவிட்டேன். கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லாதே என்று வீட்டுக்காரர் காலையில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். கேட்டேனா? ஊரில் ஒருத்தியிடம் சொல்ல வேண்டியதை முன்பின் தெரியாத மூன்று பேரிடம் கொட்டினேன். அழுகையும் வந்துவிட்டது. பெரிய டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நர்சிங் ஆபீசர் அம்மாள் மட்டும் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

எழுதியது பத்து நாளில் தபாலில் வந்தது. டாக்டருக்கு எதிரில் நான் நடந்துகொண்ட விதம் வருந்தத்தக்கது, எனினும் நோக்கம் நல்லது. முன்பு ஒரு குழந்தையின் மரணத்தில் தனக்குப் பங்கு இருந்ததாக ஊழியரே தெரிவித்திருப்பதால், அவருடைய நலனையே உத்தேசித்து, அவசரப் பிரிவிலிருந்து முதியோர் வார்டுக்கு மாற்றப்படுகிறார். என் நலனாம்! நாலு வரிப் பொய்யில் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கும் அங்கேயே இருந்திருப்பேன். உண்மையைச் சொன்னதால் குழந்தைகள் பக்கமே போகக் கூடாதவள் ஆகிவிட்டேன். இதைப் படித்த பிறகு எந்த நர்ஸ் வாயைத் திறப்பாள் சொல்லுங்கள்.

இப்போது காலை ஏழரை முதல் நாலு மணி வரை கிழவிகளுக்குப் பல் செட் கழுவுகிறேன். அவர்கள் என்னை ஆளுக்கொரு பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். ஒரு மாதம் முன்பு அவசரப் பிரிவுப் பக்கம் ஒரு காகிதம் கொடுக்கப் போனேன். சுவரில் புது நோட்டீஸ். எந்தக் குழந்தைக்கும் எடை போடாமல் ஊசி கூடாது. எடையைக் கிலோவில் மட்டுமே எழுத வேண்டும். அளவை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். சந்தேகம் என்று யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும். கீழே அந்த இளம் டாக்டரின் கையெழுத்து. பக்கத்தில் குழந்தைத் தராசு, பூட்டில்லாமல். நல்லதுதானே, யார் பெயரில் வந்தால் என்ன என்று பெரிய மனசோடு சொல்ல வேண்டும்தான். பொய் எதற்கு? வயிறு எரிந்தது. வார்டுக்குத் திரும்பி வரும் வரைக்கும் எரிந்தது.

6

அன்றைக்கு வீட்டில் வந்து இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். எவ்வளவு துணிச்சலாக உண்மையைச் சொன்னேன், எனக்கு இந்தக் கூலியா என்று. அம்பிகா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அந்த அம்மாகிட்ட சொன்னியா?"

"எந்த அம்மா?"

"குழந்தையோட அம்மா."

சொல்லவில்லை. எட்டு வருஷம். இங்கே வந்த ஏழு வருஷமாக ஏர்மெயில் காகிதத்தில் தம்பிக்கு வாரம் தவறாமல் எழுதியிருக்கிறேன்; மழை, குளிர், மிளகாய்த் தூள் கிடைக்காதது எல்லாம் எழுதியிருக்கிறேன். தம்பி ஏகாம்பரம் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில்தான் வேலை பார்க்கிறான். அங்கிருந்து தனகோட்டியின் கிராமம் சைக்கிள் மிதிக்கும் தூரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். அவளுக்கு எழுதப் படிக்க வராது, நீயே போய்ப் படித்துக் காட்டு, ஒரு சொல்லையும் மாற்றாதே என்று தம்பிக்கு மேல் குறிப்பு. "தனகோட்டி, ஈரத்துணியால் உன் பிள்ளை சாகவில்லை. காய்ச்சலுக்கு நீ செய்தது சரி. அந்த ஈரத்தைச் சேர்த்து எடை சொன்னவள் நான். மருந்து அதிகமாகப் போனது என்னால். அது தெரிந்தும் உன் எதிரில் தலையை ஆட்டியவளும் நான்." இவ்வளவுதான். மன்னித்துவிடு என்று எழுதி, அடித்துவிட்டேன். அதை அவளிடம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

7

தம்பியின் பதில் நேற்று வந்தது.

போனானாம். தனகோட்டி களத்தில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாளாம். அடையாளம் சொன்னதும் எழுந்து வந்து, ஈயம் பூசிய சொம்பில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாளாம். கடிதத்தைப் படித்தானாம். கோபப்படவில்லை, அழவும் இல்லை. "ஈரத்துணி பத்தி எழுதினுகீறாங்களே, அத்த மட்டும் இன்னொரு வாட்டி படிப்பா" என்றாளாம். படித்தான். மறுபடியும் படிக்கச் சொன்னாளாம்.

"அப்ப அது தப்பில்லியா?"

"தப்பில்ல. அதுதான் சரியாம். அக்கா எழுதிக்கீது."

அவள் களத்துப் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினாளாம். கடலைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் குழந்தை திரும்பவில்லை. எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். வேலுவுக்கு அப்புறம் பிறந்தவள், ஆறு வயதாம்.

"இதுக்கு ஒரு வயசுல அதே மாதிரி காச்ச வந்துச்சுப்பா. பக்கத்து வூட்டுக்காரிங்க எல்லாரும் ஈரத்துணி போடு போடுன்னாங்க. நான்தான் கிட்டவே வுடல. ஒண்ணத்தான் அப்பிடி சாவடிச்சேன், இத்தையும் சாவடிக்கணுமான்னு கம்பளியில சுத்தி, கதவ சாத்தி, மூணு நாள் மடியிலயே வெச்சிக்கினு இருந்தேன். ஆஸ்பத்திரிக்கும் தூக்கினு போவல. வலிப்பு வந்து வந்து நின்னுது. அப்புறம் காதும் கேக்கல, பேச்சும் வரல."

தம்பி கடிதத்தை மடித்துவிட்டு எழப் போயிருக்கிறான். அவள் அவனை உட்காரச் சொல்லி ஒன்றைக் கேட்டாளாம். கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறான்.

"ஏம்பா, அன்னிக்கு உங்க அக்கா தலைய ஆட்டாம இருந்திருந்தா, இது இப்ப பேசிக்கினு இருக்குமா?"

'அடுத்த வாரம் வந்து பதில் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். என்ன சொல்லட்டும் அக்கா?' என்று கேட்டு முடித்திருக்கிறான்.

ஆமாம் என்று சொல், ஏகாம்பரம். பேசிக்கொண்டு இருந்திருக்கும்.